பழைய கணினியும் இலேசான லினக்ஸும்

ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்று எப்போது சொல்கிறோம்? தையல் இயந்திரத்தின் பற்சக்கரம் மழுங்கினால் அது பழையது. மிதிவண்டியின் அச்சு தேய்ந்தால் அது பழையது. கணினியின் முதுமையோ இவ்வகையைச் சேர்ந்ததன்று. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி, வாங்கிய நாளில் ஒரு வினாடிக்கு எத்தனை கணக்குகளைப் போட்டதோ அத்தனையையே இன்றும் போடுகிறது. அதன் செயலி மெலியவில்லை, நினைவகம் சுருங்கவில்லை. ஆயினும் அது மெதுவாகிவிட்டது என்று மூலையில் ஒதுக்கப்படுகிறது. மாறியது பொறியன்று, அதன் தோளில் ஏற்றப்படும் மென்பொருளின் சுமையே.

இச்சுமையின் வளர்ச்சியை ஓர் ஒப்பீட்டால் அறியலாம். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்குக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் போதும் என்று கூறப்பட்டது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் நினைவகத்தைக் கேட்டது. இருபது ஆண்டுகளில் கேள்வி அறுபது மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. அதனோடு, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்று அது விதித்தது. அந்தச் சில் இல்லாத கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தும், தகுதியற்றவை ஆயின. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் பொதுவான ஆதரவு நிறுத்தப்பட்டது. இவ்வாறு கைவிடப்பட்ட பொறிகளுக்குப் புகலிடம் லினக்ஸ் என்பது பலரும் அறிந்ததே.

ஆனால், லினக்ஸ் என்பது ஒன்றன்று. பல நூறு வகைகளாகப் பிரிந்து கிடப்பது. அவற்றுள் ‘இலேசானவை’ என்று பெயர் பெற்றவையே பல. எதைத் தேர்வது? மிகச் சிறியதைத் தேர்வதே அறிவுடைமை எனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை, இலேசான லினக்ஸ் தோன்றி வளர்ந்த வரலாறு தெளிவாகக் காட்டும்.

எளிய பொறியில் பிறந்தது

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், 1991 ஜனவரியில் 386 வகைச் செயலி கொண்ட கணினி ஒன்றை வாங்கினார். அதன் நினைவகம் 4 மெகாபைட். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர் பயிற்சிக்கென 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை அதில் ஏற்றிப் பயன்படுத்திய அம்மாணவர், அதன் குறைகளைக் கண்டு, தாமே ஓர் இயங்குதளத்தை எழுதலானார். 1991 ஆகஸ்டு 25ஆம் நாள் அவர் வெளியிட்ட அறிவிப்பில், இது பொழுதுபோக்கு முயற்சிதான், பெரிதாக வளரக்கூடியதன்று என்ற கருத்தே காணப்பட்டது. அவ்வெண்ணம் பிழையாயிற்று என்பதை உலகம் அறியும்.

அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. ஜெர்மனியைச் சேர்ந்த பயனர் ஒருவரின் கணினியில் 2 மெகாபைட் நினைவகமே இருந்தது. லினக்ஸின் மூல நிரலைத் தம் கணினியிலேயே தொகுக்க அவர் முயன்றார், இடம் போதவில்லை. இதனை அறிந்த டோர்வால்ட்ஸ், நினைவகம் நிறையும்போது அப்போதைக்கு வேண்டாதவற்றை வன்தட்டுக்கு மாற்றி வைக்கும் ஏற்பாட்டைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதிச் சேர்த்தார். மினிக்ஸில் இல்லாத இவ்வசதி புதிய இயங்குதளத்தின் புகழை வளர்த்தது. வசதி குறைந்த பொறியை வைத்திருந்த ஒருவருக்காக லினக்ஸ் தன்னை வளைத்துக்கொடுத்தது அதன் முதற் குளிர்காலத்திலேயே நிகழ்ந்துவிட்டது.

1992இல் லினக்ஸ், ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்திலிருந்து பிறந்தது இவ்வுரிமம். எவரும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். மாற்றி வழங்குவோர் அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் எத்தனையோ பேர் லினக்ஸைச் செதுக்கிச் சிறிதாக்க முடிந்தது இவ்வுரிமை இருந்தமையால்தான். விற்பனைக்கு வரும் மூடிய மென்பொருளை வாங்கியவர் செதுக்க இயலாது.

எடை ஏறிய வரலாறு

லினக்ஸ் என்ற பெயர் முறையாகச் சுட்டுவது கருநிரலை மட்டுமே. செயலி, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை ஆகியவற்றை ஆளும் உள்ளுறுப்பு அது. கருநிரலோடு, கோப்புகளைக் கையாளும் கருவிகள், எழுத்துருக்கள், திரையில் தோன்றும் சாளரங்கள், உலாவி, சொற்செயலி முதலியவற்றைச் சேர்த்துக் கட்டிப் பயனர் கையில் கொடுக்கும் தொகுப்பே ‘வழங்கல்’ எனப்படும். உலை ஒன்றுதான், பந்தியில் பரிமாறப்படும் உணவு வீட்டுக்கு வீடு வேறு என்பது போன்றது இது. 1993ஆம் ஆண்டில் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேர் என்ற வழங்கலையும், இயன் மர்டாக் டெபியன் என்ற வழங்கலையும் தொடங்கினர். இவ்விரண்டும் இன்றும் வாழ்கின்றன. இன்றைய இலேசான வழங்கல்கள் பலவற்றின் குலமுதல்வர்களும் இவையே.

தொடக்கத்தில் லினக்ஸ் பெரும்பாலும் எழுத்துத் திரையில் கட்டளையிட்டு இயக்கப்பட்டது. பொதுமக்கள் அதனை ஏற்க, பட்டியலும் படமும் பொத்தானும் கொண்ட திரைச்சூழல் வேண்டியிருந்தது. 1996இல் மத்தியாஸ் எட்ரிக் கே.டி.ஈ. என்னும் திரைச்சூழலையும், 1997இல் மிகேல் டி இக்காசாவும் பெடரிகோ மேனாவும் குனோம் என்பதையும் தொடங்கினர். இவற்றால் லினக்ஸ் எல்லாருக்கும் இணக்கமானது. அதே வேளையில் கனமும் ஆனது. ஆண்டுதோறும் நிழலும் ஒளியும் அசைவும் கூடின. நினைவகத் தேவையும் கூடியது.

இதற்கு மாற்றான நீரோட்டமும் அதே காலத்தில் பிறந்தது. ஒலிவியே பூர்தான் 1996இல் தொடங்கிய எக்ஸ்எப்சிஈ, அளவான வசதியும் அளவான எடையும் கொண்டது. 2006இல் தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ எல்எக்ஸ்டிஈ என்னும் இன்னும் மெலிந்த திரைச்சூழலைத் தொடங்கினார். முழுத் திரைச்சூழலே வேண்டாம், சாளரங்களை ஒழுங்குபடுத்தும் சாளர மேலாளர் மட்டும் போதும் என்போர்க்கு ஐஸ்டபிள்யூஎம், பிளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் முதலியவை இருந்தன. எனவே, ஒரு லினக்ஸ் கனமானதா இலேசானதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கருநிரலன்று. அதன் மேல் அணிவிக்கப்படும் உடையே.

ஒரு நெகிழ்தட்டில் ஓர் இயங்குதளம்

மெலிவதில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்று பார்த்தவர்கள் உண்டு. டாம் ஓசர் என்பவர் உருவாக்கிய டாம்ஸ்ஆர்டிபிடி என்ற வழங்கல் ஒரே ஒரு நெகிழ்தட்டில் அடங்கியது. 1.44 மெகாபைட் கொள்ளும் அத்தட்டையே வேறு வகையாக வடிவமைத்து 1.722 மெகாபைட் கொள்ளச் செய்து, அதற்குள் இயங்குதளத்தை அடைத்தார் அவர். பழுதான கணினியை எழுப்பிச் சீர்செய்யப் பயன்பட்ட கருவி அது; எழுதவும் வரையவும் ஏற்றதன்று.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் ஒரு புதிய வழியைத் திறந்தது. வன்தட்டில் எதையும் பதியாமல், குறுந்தட்டிலிருந்தே முழு லினக்ஸையும் இயக்கலாம் என்பதை அது பரவலாக்கியது. ஏறத்தாழ 2 கிகாபைட் மென்பொருளைச் சுருக்கி 700 மெகாபைட் தட்டில் அது அடக்கியது. கணினிக்கு எத்தீங்கும் நேராமல் லினக்ஸைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் பரவியதற்கு இது பெருந்துணை புரிந்தது. பழைய கணினிக்குப் பொருத்தம் பார்ப்போர்க்கு இன்றும் இதைவிடச் சிறந்த முறை இல்லை.

நாப்பிக்ஸை அடியாகக் கொண்டு ஜான் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் ‘டேம் ஸ்மால் லினக்ஸ்’ என்பதைக் கட்டினார். முகவரி அட்டை அளவுள்ள சிறு குறுந்தட்டில் கொள்ளும் 50 மெகாபைட்டுக்குள் ஒரு முழுத் திரைச்சூழலை அமைக்க முடியுமா என்பதே அவர் மேற்கொண்ட வினா. முடிந்தது. 486 வகைச் செயலியும் 16 மெகாபைட் நினைவகமும் கொண்ட கணினியிலும் அது எழுந்தது. இவ்வெல்லை அவருக்கு ஒரு யாப்பாகவே அமைந்தது எனலாம். வெண்பாவின் அடியும் சீரும் புலவனைக் கட்டுப்படுத்திச் சொற்சுருக்கம் பழக்குவது போல, 50 மெகாபைட் என்னும் வரம்பு ஒவ்வொரு மென்பொருளையும் எடைபோட்டுச் சேர்க்கச் செய்தது.

அத்திட்டத்தில் அவருடன் உழைத்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் பின்னர்ப் பிரிந்து, ‘டைனி கோர்’ என்பதைத் தொடங்கினார். அது தொடக்கத்தில் 10 மெகாபைட் அளவினதாக இருந்தது. வெறும் அடித்தளத்தை மட்டும் கொடுத்து, வேண்டியதை வேண்டியவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் கொள்கை.

2003இல் ஆஸ்திரேலியரான பேரி காலர் வெளியிட்ட ‘பப்பி லினக்ஸ்’ மற்றொரு நெறியைப் பின்பற்றியது. இயங்குதளம் முழுவதையும் நினைவகத்திலேயே ஏற்றிவிட்டால், மெதுவான வன்தட்டையோ குறுந்தட்டையோ ஒவ்வொரு செயலுக்கும் நாடவேண்டியதில்லை. பயனர் செய்த மாற்றங்கள் யாவும் ஒரே கோப்பில் சேமிக்கப்படும். இதனால், செயலி பழையதாயினும் கணினி சுறுசுறுப்பாக விடையளித்தது. வன்தட்டு பழுதான கணினிகூட இதனால் மறுவாழ்வு பெற்றது. ஆயின், பயனர் எப்போதும் நிர்வாகி உரிமையோடு இயங்குவதே அதன் இயல்பான அமைப்பு. பலர் கை வைக்கும் கணினிக்கு இது ஏற்றதன்று என்ற குறை அதன்மேல் நெடுநாள் கூறப்பட்டு வருகிறது.

இலேசான லினக்ஸ் வணிகச் சந்தையில் ஒரு முறை வென்ற கதையும் உண்டு. 2007இல் தைவானின் ஆசுஸ் நிறுவனம் ஈ பீசி என்னும் சிறு மடிக்கணினியை வெளியிட்டது. 512 மெகாபைட் நினைவகமும் 4 கிகாபைட் சேமிப்பும் கொண்டிருந்த அதில் லினக்ஸே ஏற்றப்பட்டிருந்தது. மக்கள் விரும்பி வாங்கினர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2008இல், விற்பனையை நிறுத்தவிருந்த விண்டோஸ் எக்ஸ்பியை இத்தகைய சிறு கணினிகளுக்கு மட்டும் தொடர்ந்து வழங்க முடிவு செய்தது. அடுத்துவந்த சிறு கணினிகளில் பெரும்பாலானவை எக்ஸ்பியோடு வந்தன. அக்கணினிகளே பின்னாளில் பழையனவாகி லினக்ஸைத் தேடி வந்தன.

மெலிவுக்குக் கொடுத்த விலை

சுருக்கம் என்றால் ஏதோ ஒன்று விடப்பட்டது என்றே பொருள். டேம் ஸ்மால் லினக்ஸில் விடப்பட்டவற்றுள் தமிழாசிரியர் அறியவேண்டியது ஒன்று உண்டு.

‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி சேமிக்கும்போது, முதலில் ககரத்தையும் அதன் பின் ஒகரக் குறியையும் வைக்கிறது. திரையில் காட்டும்போது, ஒற்றைக்கொம்பைக் ககரத்தின் முன்னும் காலைப் பின்னும் பிரித்து நிறுத்த வேண்டும். இவ்வேலையைச் செய்யத் தனி மென்பொருள் வேண்டும். தமிழ் எழுத்துகள் யூனிகோடு தரத்தின் முதற் பதிப்பிலேயே, அதாவது லினக்ஸ் பிறந்த அதே 1991ஆம் ஆண்டில், இடம்பெற்றுவிட்டன. ஆயினும் திரையில் அவற்றை முறையாக அடுக்கும் பாங்கோ என்னும் கருவி, ஜிடிகே என்ற திரைக்கருவித் தொகுப்பின் இரண்டாம் பதிப்போடு 2002இல்தான் இணைந்து வந்தது. டேம் ஸ்மால் லினக்ஸோ, இடம் மிச்சப்படுத்துவதற்காக ஜிடிகேயின் முதற் பதிப்பையே கையாண்டது. ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. ஆங்கிலேயர்க்கு இலேசாக இருப்பது தமிழர்க்கு ஊமையாக இருக்கலாம் என்பதை இதனால் உணரலாம்.

இரண்டாவது விலை இதனினும் பெரிது. இச்சிறு வழங்கல்கள் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் தோளில் நின்றவை. அவர் சோர்ந்தால் அதுவும் சோரும். டேம் ஸ்மால் லினக்ஸின் பழைய வரிசை 2008ஆம் ஆண்டின் பதிப்போடு நின்றது. பிலிப் நியூபரோ என்ற ஆங்கிலேயர் நடத்திய கிரஞ்ச்பேங் என்னும் எளிய வழங்கல், பலரது அன்பைப் பெற்றிருந்தும், 2015இல் அவராலேயே முடித்துவைக்கப்பட்டது. நின்றுபோன வழங்கல் பார்வைக்கு முன்போலவே இருக்கும்; முன்போலவே விரைவாகவும் ஓடும். ஆனால், அதன் பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளை அடைப்பார் இரார். காவலன் இல்லாத வீட்டின் கதவும் பூட்டியிருப்பது போலத்தான் தோன்றும்.

பெருமரத்தின் கிளைகள்

இதற்கு மாறாக, நிலைபெற்ற பெரிய வழங்கலின் களஞ்சியத்தையே பயன்படுத்தி, திரைச்சூழலை மட்டும் மெலிதாக்கிக்கொண்டவை நீடித்தன. 2007இல் கிரேக்க நாட்டில் தோன்றிய ஆண்டிஎக்ஸ் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது டெபியனின் களஞ்சியத்தைச் சார்ந்தது; ஐஸ்டபிள்யூஎம் போன்ற சாளர மேலாளரைக் கொண்டது. 512 மெகாபைட் நினைவகம் இருந்தால் போதும் என்பது அதனை ஆக்கியோர் கூற்று. குறைகளை அடைக்கும் வேலையின் பெரும்பகுதியை டெபியனின் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்கும் பொதுவாகச் செய்துவிடுகின்றனர். சிறு குழுவினர் தம் பங்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 2014இல் ஆண்டிஎக்ஸ், மெபிஸ் ஆகிய இரு வழங்கல்களின் அன்பர்கள் கூடி எம்எக்ஸ் லினக்ஸை உருவாக்கினர். அது எக்ஸ்எப்சிஈயை முதன்மையாகக் கொண்டது.

பப்பி லினக்ஸும் இவ்வழியை ஒருவாறு மேற்கொண்டது. டெபியன், உபுண்டு, ஸ்லாக்வேர் முதலியவற்றின் பொதிகளைக் கொண்டே புதிய பப்பிகளைக் கட்டும் ‘வூப்’ என்னும் கருவி அமைந்தபின், பேரி காலர் பொறுப்பிலிருந்து விலகியும் அவ்வினம் அழியவில்லை. பிறர் கையில் வளர்ந்தது. 2024இல் ஜான் ஆண்ட்ரூஸ் தம் டேம் ஸ்மால் லினக்ஸை மீண்டும் எழுப்பியபோது நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. பழைய 50 மெகாபைட் வரம்பை அவர் விட்டார். ஒரு குறுந்தட்டின் 700 மெகாபைட்டைப் புதிய வரம்பாக ஏற்றார். அடித்தளமாக ஆண்டிஎக்ஸை எடுத்துக்கொண்டார். மெலிவில் முன்னோடியாக விளங்கியவரே, தனித்து நிற்பதைவிடப் பெருமரத்தின் கிளையாவதே நிலைக்கும் வழி என்பதைத் தம் செயலால் காட்டினார்.

பெயரை மட்டும் நம்பித் தேர்வதும் ஆகாது. லுபுண்டு என்னும் வழங்கல் எல்எக்ஸ்டிஈ திரைச்சூழலோடு 2011இல் உபுண்டுக் குடும்பத்தின் முறையான உறுப்பாகி, பழைய கணினிகளின் நண்பன் எனப் புகழ்பெற்றது. 2018இல் அது எல்எக்ஸ்க்யூடி என்னும் புதிய திரைச்சூழலுக்கு மாறியது. பழைய கணினிகளுக்கு உதவுவதே தன் முதல் நோக்கம் என்ற நிலையையும் கைவிட்டது. 2019 முதல் 32 பிட் கணினிகளுக்கான பதிப்புகளையும் நிறுத்தியது. பத்தாண்டுக்கு முன் எழுதப்பட்ட பரிந்துரையைப் படித்து அதனைத் தேடுவோர் ஏமாறுவர்.

32 பிட் காலத்தின் அந்தி

பழைய கணினி பற்றிப் பேசுவோர் 32 பிட், 64 பிட் என்னும் வேறுபாட்டைத் தெளிதல் இன்றியமையாதது. 32 பிட் முகவரியால் இயல்பாகச் சுட்டக்கூடிய நினைவகம் 4 கிகாபைட்டே. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் அக்குடும்பத்தின் 64 பிட் செயலிகளை வெளியிட்டது. இன்டெல் மறு ஆண்டில் பின்தொடர்ந்தது. அதன் பின் சில ஆண்டுகளுக்குள் புதிய மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவை 64 பிட் ஆயின.

பழையதைப் பேணுவதும் ஓர் உழைப்பே. ஒவ்வொரு மென்பொருளையும் இருமுறை தொகுக்க வேண்டும். இருமுறை சோதிக்க வேண்டும். சோதிக்கப் பழைய பொறிகள் கையில் இருக்க வேண்டும். இச்சுமை தாங்காமல் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டோர்வால்ட்ஸ் எந்த 386 செயலியில் லினக்ஸை எழுதினாரோ, அச்செயலிக்கான ஆதரவே 2012 டிசம்பரில் கருநிரலிலிருந்து நீக்கப்பட்டது. பிறந்த வீட்டையே பிள்ளை மறந்தது என்பார் என்க. ஆனால் அதற்குள் அப்பொறியைப் பயன்படுத்துவோர் அரிதாகிவிட்டனர். உபுண்டு 2012 அக்டோபரில், பி.ஏ.ஈ. என்னும் வசதி இல்லாத செயலிகளைக் கைவிட்டது. அவ்வசதியைக் காட்டாத பென்டியம் எம் வகை மடிக்கணினிகள் சில, பத்தாண்டுகூட நிறையாமல் வெளியே நின்றன. குரோம் உலாவி 2016இல் 32 பிட் லினக்ஸை விட்டது. ஆர்ச் லினக்ஸ் 2017இல் விட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியையும் கருநிரலையும் வழங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 144ஆம் பதிப்பே 32 பிட் லினக்ஸுக்கான பயர்பாக்ஸின் கடைசிப் பொதுப் பதிப்பாயிற்று.

இன்னுமோர் எல்லைக்கல்லும் முன்னே நிற்கிறது. பழைய 32 பிட் மென்பொருள்கள் காலத்தைக் கணக்கிடும் முறை 2038 ஜனவரி 19ஆம் நாளுக்கு மேல் செல்லாது, எண் நிறைந்துவிடும். ஆகவே 32 பிட் கணினியை இன்று எழுப்புவோர், அதன் ஆயுளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அறிந்தே எழுப்புதல் நன்று.

தேர்வு செய்யும் முறை

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்கான வரிசை ஒன்று தானே பெறப்படுகிறது.

முதலாவது, கணினியின் செயலி 32 பிட்டா 64 பிட்டா என அறிதல். இதில் பலரும் தவறுவது ஓரிடத்தில். விண்டோஸ் ‘32 பிட்’ என்று காட்டினால், அது ஏற்றப்பட்டுள்ள இயங்குதளத்தைக் குறிக்கலாம். செயலியைக் குறிப்பதாகக் கொள்ளக்கூடாது. 64 பிட் செயலியில் 32 பிட் விண்டோஸ் ஏற்றி விற்கப்பட்ட கணினிகள் ஏராளம். 64 பிட் லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி எழுப்பிப் பார்த்தால் உண்மை விளங்கும். செயலி 32 பிட் ஆனால், கருநிரல் மேலே செல்லாமல் அதனைக் கூறி நின்றுவிடும். வன்தட்டுக்கு எவ்விதத் தீங்கும் நேராது. மூடப்பட்டுவரும் கதவுகளை எண்ணினால், 64 பிட் செயலிக்கு 64 பிட் வழங்கலையே இடுவது முறை.

இரண்டாவது, நினைவகம். விரலுக்குத் தக்கதே வீக்கம் என்பர். 256 மெகாபைட்டுக்கும் குறைந்த கணினியை டைனி கோர் போன்றவை எழுப்பும். தட்டச்சுப் பயிற்சிக்கும் கட்டளைகள் கற்கவும் அது உதவும். இன்றைய இணையத்துக்கு உதவாது. 512 மெகாபைட் முதல் 1 கிகாபைட் வரையுள்ளவற்றுக்கு ஆண்டிஎக்ஸ், பப்பி ஆகியவை பொருந்தும். 2 கிகாபைட்டும் 64 பிட் செயலியும் இருந்தால் எம்எக்ஸ் லினக்ஸ், லினக்ஸ் மின்டின் எக்ஸ்எப்சிஈ பதிப்பு முதலியவற்றைத் தயங்காமல் எண்ணலாம். 4 கிகாபைட் உடையது உண்மையில் பழைய கணினியே அன்று; மெலிந்த வழங்கலை வலிந்து தேடவேண்டியதில்லை. இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. இயங்குதளம் 100 மெகாபைட்டில் அடங்கினாலும், உலாவியில் திறக்கும் ஒரு பக்கமே அதனினும் பன்மடங்கு நினைவகத்தை விழுங்கக்கூடும். வழங்கலை மெலிதாக்கலாம், இணையத்தை மெலிதாக்க எவராலும் இயலாது. எனவே, கூடுதல் நினைவகத் தகடு ஒன்றைப் பொருத்துவதோ, சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வைப்பதோ, ஐந்து வழங்கல்களை மாற்றி மாற்றி ஏற்றுவதினும் மிகுந்த பயன் தரும்.

மூன்றாவது, பதிவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிக் கம்பியில்லா இணைப்பு, ஒலி, திரை, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்று பார்த்தல். ஆழம் அறிந்து காலை விடுவது இதுவே.

நான்காவது, தமிழ். டெபியனையோ உபுண்டுவையோ சார்ந்த வழங்கலாயின், லோகித் தமிழ் முதலிய எழுத்துருக்களும், தமிழ்99, ஒலியியல், தட்டச்சு ஆகிய விசைமுறைகளும் களஞ்சியத்திலேயே கிடைக்கும். மிகச் சிறிய வழங்கல்களில் இவற்றைத் தனியே தேடிச் சேர்க்க நேரும். ‘கொ, கோ, கௌ’ என்னும் மூன்றையும் தட்டிப் பார்த்து, கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று கண்டபின் முடிவு செய்தல் தக்கது.

ஐந்தாவதும் தலையாயதும், பேணுவார் யார் என்பது. கடைசிப் பதிப்பு எந்த ஆண்டினது? எதுவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்? எந்தப் பெரிய வழங்கலைச் சார்ந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத வழங்கல், எத்துணை விரைவாக ஓடினாலும், வங்கிக் கணக்கும் மாணவர் விவரமும் வைக்கத்தக்க இடமன்று. இணையத் தொடர்பின்றி, கணக்குப் பயிற்சிக்கும் எழுதுவதற்கும் மட்டும் வைத்திருப்பின் அது வேறு.

டோர்வால்ட்ஸின் 4 மெகாபைட் பொறி தொடங்கி இன்றுவரை, பழைய கணினிகளை வாழவைத்தது எந்த ஒரு மென்பொருளின் சிறுமையும் அன்று. ஊதியம் கருதாமல் அவற்றின் குறைகளை அடைத்துவந்த மனிதர்களின் உழைப்பே அவற்றை வாழவைத்தது. அவ்வுழைப்பு எங்கே இன்னும் தொடர்கிறதோ, அங்கேதான் பழைய கணினிக்கு இடம் உண்டு. அளவில் அது பத்து மெகாபைட் கூடியிருந்தால் குற்றமில்லை.